கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பழவேற்காட்டுக் குப்பங்களில் ஃபுட்பால் ஆடத் தரை கிடைப்பதுதான் கஷ்டம். பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. பொன்னேரியிலிருந்து கிழக்கே சுமார் 20 கி.மீ. வந்து பாலத்தைத் தாண்டினால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டில் வரிசையாகக் குப்பங்கள். வீடுகள், படகு ஏற்றும் கரை, வலை பிரிக்கும் இடம், கருவாடு காயும் இடம், கோயில் எல்லாம் போக மிஞ்சுவது சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு துண்டு நிலம். ஐப்பசி கார்த்திகையில் அங்கே தண்ணீர் நிற்கும். தண்ணீர் வற்றினால் வேலிகாத்தான் முள், பந்துக்குப் பந்து பஞ்சர். இத்தனைக்கும் நடுவில் விசிலை எடுத்து ஒரு தடவை ஊதினால் போதும், ஊர் கோட்டோரம் வந்து நின்றுவிடும்.

கோடைதான் எங்கள் சீசன். பள்ளிக்கூடம் லீவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டு விசைப்படகுகளுக்குப் போகிற ஆம்பளைகளும் ஊர் திரும்பியிருப்பார்கள். கையில் வேலை இல்லை, பையில் காசு இல்லை, சாயங்காலம் ஆனால் காற்று வாங்க வெளியே வரவேண்டும். அப்போதுதான் குப்பத்துக்குக் குப்பம் சின்னப் பசங்க ஆட்டம் நடக்கும். நான் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். பள்ளி விட்ட பிறகு குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பேன், கோடையில் பதினான்கு வயசுக்கு உட்பட்டவர்கள் ஆட்டத்துக்கு விசில் ஊதுவேன். பந்தை வாங்கவும் விடவும் கற்றுக்கொடுப்பது இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்களோடு. நான் படித்த உடற்கல்விப் படிப்பில் அந்த மீதிப் பாதிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

கோட்டோரத்து நடத்தை என்றாலே எல்லோருக்கும் வசவுதான் ஞாபகம் வரும். வசவு பெரிய தொல்லைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் ஆட்டத்தை அதிகம் கெடுப்பது வசவு இல்லை. பாசத்தோடு போடுகிற சத்தம். அப்பா, மாமா, சித்தப்பா, பெரியவனாகி ஆட்டத்தை விட்டுவிட்ட அண்ணன், எல்லோரும் ஒரே நேரத்தில்: “அடிடா!” “பாஸ் குடு, பாஸ் குடு!” “ஏறு ஏறு!” “பின்னாடி பார்றா!” “தூக்கி அடி!” இதில் ஒருவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு அது எந்த ஒருவர் என்று தெரியாது.

இடது ஓரத்தில் ஆடுகிற ஒரு பையன்தான் எனக்கு இதைப் புரியவைத்தான். முதல் பாதியில் அவன் ஓடுகிற பக்கம் அவன் ஊர்க்காரர்கள் நின்றார்கள். பந்து அவனை நோக்கி வரும்போதே தலை வெளியே திரும்பும், அப்பாவைத் தேடும். அதற்குள் பந்து காலைத் தாண்டிப் போய்விடும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது அவன் ஓரத்தில் வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர், அதுவும் பீடி பிடித்தபடி. அதே பையன் பந்தை நிறுத்தினான், உள்ளே வெட்டினான், ஒரு ஆளை ஏமாற்றினான், நடுவில் வந்தவனுக்குத் தள்ளிக் கொடுத்தான். ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, “முத ஆஃப்ல என்னடா கேட்டுச்சு?” என்று கேட்டேன். “எல்லாம் கேட்டுச்சு சார். எதச் செய்யறதுன்னுதான் தெரியல” என்றான்.

அதன் பிறகு ஓரத்தில் ஆடுகிற பிள்ளைகள் எல்லோரையும் இந்தக் கண்ணோடு பார்த்தேன். சொந்த ஊர்க் கூட்டத்தின் பக்கம் ஓடும்போது பந்தைச் சீக்கிரம் கழற்றிவிடுவார்கள். தப்பு செய்வதற்குள் பந்து கையை விட்டுப் போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு உதைப்பார்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே யோசிக்க நேரம் இருக்கிறது. கபடியில் டைம் அவுட் உண்டு. ஃபுட்பாலில் விசில் ஊதியதும் பயிற்சியாளனே பாதி செத்தவன். பார்ப்பதும் முடிவெடுப்பதும் உள்ளே இருக்கிறவனின் வேலை. அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். அனுப்பிவிட்டு அந்த வேலையை அவர்களே கோட்டில் நின்று செய்கிறார்கள்.

இதை அப்பாக்களிடம் எப்படிச் சொல்வது? நோட்டீஸ் அடித்து ஒட்டினால் படிக்க மாட்டார்கள். படித்தாலும் பக்கத்து ஆளுக்குச் சொன்னது என்று நினைப்பார்கள். ஒரு நாள் வலை பிரித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏண்ணா, போட்டுல வலை விடும்போது எத்தன பேரு சொல்லுவாங்க?”

“இன்னா சார் கேள்வி இது. ஒருத்தன்தான். எஞ்சின் புடிச்சிருக்கவன்.”

“மத்தவங்க?”

“மத்தவன் கை வலையில இருக்கும். வாயத் தொறக்க மாட்டான். ஆளாளுக்குச் சொன்னா வலை சுத்திக்கும், அப்பால ராத்திரி பூரா பிரிக்கணும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. “சார் நம்ம வாயாலயே நம்மளத் திட்டறாரு” என்றார். மறுவாரம் அதே அண்ணன் கோட்டோரத்தில் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து “எஞ்சின விட்றா” என்று அதட்டுவது கேட்டது. இந்த ஒப்புமை எல்லா இடத்திலும் செல்லாது. ஏரியில் தனியாக நின்று வீச்சு வலை போடுகிறவரிடம் சொன்னால், “நான் சொல்றத நானே கேக்கறேன், உனக்கு இன்னா?” என்பார்.

அமெரிக்காவில் சிறுவர் லீக்குகள் சிலவற்றில் ஏதாவது ஒரு சனிக்கிழமை பெற்றோர் வாயே திறக்கக் கூடாது என்று வைப்பதுண்டு. வாயில் அடக்கிக்கொள்ள லாலிபாப்கூடக் கொடுப்பார்கள். எங்களிடம் அது நடக்காது. இது அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. சத்தமே இல்லாத ஆட்டம் பிள்ளைகளுக்கும் பிடிக்காது. அதனால் நான் கேட்டுக்கொண்டது சின்ன விஷயம்: பேரைச் சொல்லிக் கூப்பிடலாம், கை தட்டலாம், விசில் மட்டும் அடிக்கக் கூடாது (எனக்கே குழப்பம் வரும்), நல்லா ஆடினால் நல்லா ஆடினான் என்று சொல்லலாம். “இதைச் செய்” என்று மட்டும் சொல்லக் கூடாது. அம்மாக்களுக்கு இந்த விதியே தேவைப்படவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவர்கள் பேரை மட்டும்தான் கத்துகிறார்கள், அதுவும் பிள்ளை கீழே விழும்போது.

அடுத்தது கயிறு. இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2008-இல் ‘ரெஸ்பெக்ட்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறுவர் ஆட்டங்களில் பெற்றோரைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்தத் தடுப்பு கட்டுவது அதில் ஒரு பகுதி. அவர்கள் அதற்குக் காசு கொடுத்துப் பொருள் வாங்கவேண்டும். எங்களுக்குக் கயிற்றுக்கா பஞ்சம்? பழைய நைலான் கயிறு, சிலதில் மிதவைகூடக் கழற்றாமல் இருக்கும். கோட்டிலிருந்து இரண்டு எட்டு தள்ளிச் சவுக்குக் கழி நட்டு இழுத்துக் கட்டினோம். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். சின்னப் பசங்க ஆட்டத்தில் கோல் கீப்பராக நிற்பவன் பெரும்பாலும் ஓடத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்ட பையன். அவன் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றுகொண்டு, ஒவ்வொரு கோலுக்கும் அவன் காதருகே உச்சுக்கொட்டினால் அவன் மறுநாள் வரமாட்டான்.

கயிறு கட்டிய முதல் வாரம் அதன் மேல் சாய்ந்தார்கள், அடுத்த வாரம் குனிந்து உள்ளே வந்தார்கள். வாத்தியார் கட்டிய கயிறு. அவ்வளவுதான் அதற்கு மரியாதை. அப்போதுதான் யோசித்தேன்: இதே ஆட்கள் ஏரியில் எல்லை தாண்டுவதில்லையே. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எந்தத் தலைக்கட்டு, எந்த முறையில், எந்த இடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்பது ஊரில் முடிவானது. அடுத்தவன் முறையில் போய் வலை கட்டினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்லவேண்டும், அபராதம் கட்டவேண்டும். தண்ணீருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத கோட்டை மதிக்கிறவருக்கு, மணலில் கட்டிய கயிறு தெரியாமல் இல்லை. யார் சொன்னது என்பதுதான் கேள்வி. ஆகவே ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் வேறு பல விவகாரங்களுக்கு நடுவே ஒரு நிமிஷம் இதையும் சொன்னார்கள்: “பசங்க ஆட்டத்துல கயித்தத் தாண்டி எவனும் போகக் கூடாது.” அபராதம் எதுவும் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. இந்தக் கரையில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: விதியை நீங்கள் எழுதுங்கள், ஊர் வாயால் சொல்லவையுங்கள்.

அதிகம் கத்துகிறவர் கையில் கொடியைக் கொடுத்துவிடுவது பழைய தந்திரம். நானும் செய்கிறேன். கொடி பிடித்தவர் கத்த முடியாது. கத்தினால் எதிர் ஊர்க்காரர் அவரைப் பார்த்துக் கத்துவார். ஆனால் அவருக்கு நான் கொடுக்கிற வேலை பந்து வெளியே போனதா இல்லையா, யார் காலில் பட்டுப் போனது என்பது மட்டும். ஆஃப்சைடு கிடையாது, ஃபவுல் கிடையாது. அதற்குக் காரணம் இருக்கிறது. பழவேற்காட்டுக்கு வருகிற எல்லோரும் டச்சுக்காரர் கல்லறையைப் பார்ப்பார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டி ஆண்டவர்களின் சமாதிகள். அந்த டச்சுக்காரர்களின் நாட்டில், அல்மேர என்ற ஊரில், 2012 டிசம்பர் 2 அன்று சிறுவர் ஆட்டம் ஒன்று முடிந்ததும் எதிரணிப் பையன்கள் லைன்ஸ்மேனை அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். ரிச்சர்ட் நியூவென்ஹைசன் என்று பெயர். சம்பளத்துக்கு வந்தவர் இல்லை; ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனின் அப்பா. அடுத்த வார இறுதியில் நெதர்லாந்து முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். ஆறு பையன்களோடு ஒரு பையனின் தகப்பனும் தண்டிக்கப்பட்டார். அந்தத் தகப்பன் விவரத்தை நான் எங்கள் ஆட்களிடம் அழுத்திச் சொல்வேன்.

அது வெளிநாடு என்று தள்ளிவிடுகிற அண்ணன்மாருக்கு நம் நாட்டுக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டம். களத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே நடந்த மோதல் கேலரிக்கு ஏறியது. கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் செத்தார்கள். ஆட்டம் பார்க்க வீட்டை விட்டுப் போனவர்கள். அண்ணன்மார் என்று நான் சொல்கிற இந்தப் பதினெட்டு இருபது வயசுக் கூட்டம்தான் கோட்டோரத்தில் கையாளக் கடினமானது. அப்பாக்களிடம் நியாயம் பேசலாம். இவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோற்ற ஆட்டத்தின் கணக்கு பாக்கி இருக்கும். தம்பியின் காலை வைத்து அதைத் தீர்க்கப் பார்ப்பார்கள்.

இனி உள்ளே ஆடுகிறவர்கள். பிள்ளைகளின் நடத்தை என்று தனியாக ஒன்று கிடையாது என்பது என் அபிப்பிராயம். கோட்டோரத்தில் கேட்டதைத்தான் அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். “ரெஃபரி கண்ணு தெரியலையா” என்று வெளியே ஒருவர் கேட்டால், அடுத்த ஃபவுலுக்கு உள்ளேயிருந்து ஒரு பையன் என்னிடம் அதையே கேட்பான், அதே ராகத்தில். ஆனாலும் அவனைத்தான் நான் திருத்தமுடியும்.

மஞ்சள், சிவப்பு அட்டைக்கு ஒரு கதை உண்டு. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - அர்ஜென்டினா ஆட்டத்தில் அர்ஜென்டினா கேப்டன் ரத்தினை ஜெர்மானிய ரெஃபரி வெளியே போகச் சொல்ல, அவருக்கு இவர் பாஷை புரியாமல், போகாமல், ஒரே அமர்க்களம். அதைச் சமாளிக்க ஓடிய அதிகாரி கென் ஆஸ்டன், வீட்டுக்குக் காரில் போகும் வழியில் சிக்னல் விளக்கைப் பார்த்து அட்டை யோசனைக்கு வந்தார். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. சிக்னல் விளக்கே இல்லாத எங்கள் குப்பத்திலும் பிள்ளைகளுக்கு மஞ்சள் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன என்று தெரியும். தெரிந்து என்ன பயன்? மஞ்சள் அட்டை வாங்கியவன் அதை ஒரு பதக்கம் என்று நினைக்கிறான், சேக்காளிகள் தோளில் தட்டுகிறார்கள். சிவப்பு கொடுத்தால் பையன் வெளியே போய் அண்ணன்மாரோடு சேர்ந்துகொள்கிறான். அங்கே அவனுக்கு ஆறுதல், எனக்கு வசவு.

ஆகவே நான் அதிகம் நம்புவது உட்காரவைப்பதை. விதிகளைத் தீர்மானிக்கும் ஐஃபேப் வாரியம் 2017-இல் சிறுவர், அடிமட்ட ஆட்டங்களில் தற்காலிகமாக வெளியேற்ற அனுமதி கொடுத்தது. மொத்த நேரத்தில் 10 முதல் 15 சதவீதம். இங்கிலாந்தில் 2019-லிருந்து அடிமட்ட லீக்குகளில் ரெஃபரியிடம் வாயாடினால் 10 நிமிஷம் வெளியே. எங்கள் ஆட்டம் 40 நிமிஷம். ஐந்து நிமிஷம் உட்காரவைப்பேன். எங்கே என்பதுதான் முக்கியம். ஊர்க்காரர்கள் நிற்கிற பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், தனியாக. முதல் நிமிஷம் முறைப்பான். இரண்டாவது நிமிஷம் மணலைக் கிளறுவான். நாலாவது நிமிஷம் “சார் டைம் ஆச்சா?” என்பான். ஆட்டத்துக்குத் திரும்பிப் போக வழி இருக்கிற தண்டனை என்பதால் அவன் அண்ணனுக்கும் அதில் சண்டை போட ஒன்றும் இருப்பதில்லை. பத்து பேரோடு ஆடித் தவித்த அணிக்காரர்களே அடுத்த தடவை அவன் வாயைப் பொத்துவார்கள்.

ரெஃபரியிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம் என்பது இப்போது பெரிய ஆட்டங்களிலும் வந்துவிட்டது, 2024 யூரோ கோப்பையில் அதைக் கடுமையாகவே கடைப்பிடித்தார்கள். எங்களுக்கு அது ரொம்ப வசதி. ஒன்று மட்டும் நான் கூடுதலாகச் செய்கிறேன்: கேப்டன் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவான், அணியிலேயே நன்றாக ஆடுகிறவனாக இருக்கவேண்டியதில்லை. வாய்க்கொழுப்பு அதிகமான பையனைக் கேப்டனாக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பதினொரு பேர் புகாரையும் அவனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். பாதி வழியில் அவனுக்கே அது சொத்தைப் புகார் என்று தெரிந்து திரும்பிப் போவான்.

பயிற்சியாளர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019 விதித் திருத்தத்திலிருந்து கோச்சுக்கும் அட்டை காட்டலாம். பெஞ்சிலிருந்து யார் கத்தியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அங்கே இருக்கிற தலைமைக் கோச் அதை வாங்கிக்கொள்ளவேண்டும். நல்ல விதி. நான் அதைக் கொஞ்சம் நீட்டி ஊருக்கும் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் யார் அசிங்கமாகப் பேசினார் என்று தெரியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி அந்த ஊர் கோச்சைக் கூப்பிடுவேன். “நீ போய்ப் பேசு. அது முடிஞ்சதும் ஊதறேன்.” நிற்கிற ஆட்டத்தைக் கூட்டம் ரொம்ப நேரம் தாங்காது. கூட்டமே அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படி நிறுத்தியதில் ஒன்று மறக்கவில்லை. ஏரிக்கு மேற்கே இருளர் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு பையன் எங்கள் அணியில் ஆடினான். ஏரிக்கரையில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். மீனவக் குப்பங்களோடு அவர்களுக்கு உரசலும் உண்டு, பழக்கமும் உண்டு. பையன் வேகம் என்றால் வேகம், மணலில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. இரண்டாவது கோல் அவன் அடித்ததும் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் அவன் சாதியைச் சொல்லி ஒரு வார்த்தை. எதிரணி ஊர்க்காரர் இல்லை, எங்கள் பக்கத்து ஆள்தான்; தன் மகனை உட்காரவைத்துவிட்டு இவனை இறக்கினேன் என்ற கோபம். ஊதினேன். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். யாரும் பேசவில்லை. எங்கள் கோல் கீப்பர், அந்த ஆளுக்கு மருமகன் முறை, கோலை விட்டு நடந்து கயிற்றுக்கு வந்தான். “மாமா, நீ வீட்டுக்குப் போ” என்றான். அவர் போகவில்லை, பின்னால் நகர்ந்து தோப்போரம் நின்றார். ஆட்டம் நடந்தது, ஜெயித்தோம்.

இதோடு கதை நன்றாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். அந்தப் பையன் அதன் பிறகு கொஞ்ச நாள் வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா, இறால் நேரம் சார், கூட வேலைக்கு வர்றான் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். வாயால் சொல்லாத வேறு காரணமும் இருக்கலாம். பள்ளிக்கூடம் திறந்த பிறகு குறுவட்டப் போட்டிக்கு வந்து சேர்ந்தான். அந்த வருஷத்திலிருந்துதான் இடைவேளையில் இரண்டு அணிக்கும் ஒரே குடம், ஒரே சொம்பு என்று வைத்தேன். யார் முதலில் குடிப்பது என்பதற்கும் வரிசை கிடையாது. இதைப் பற்றி நான் யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வரிசையாகக் கை கொடுப்பது சடங்காகிவிட்ட விஷயம். உள்ளங்கையில் எச்சில் வைத்துக்கொண்டு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், விரலை நெரிப்பவர்களையும். அதை நான் நிறுத்தவில்லை, கூட ஒன்று சேர்த்தேன். எதிரணியில் நன்றாக ஆடிய ஒருவன் யார், எதனால் என்று ஒவ்வொருவனும் என்னிடம் சொல்லவேண்டும். பேர் தெரியாவிட்டால் ஜெர்சி நம்பர். தோற்றுப் போய் அழுகிற பையன்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அந்த ஏழாம் நம்பரு சார், ரெண்டு காலாலயும் அடிக்கிறான்” என்பான். எதிரியின் காலைப் பார்த்திருக்கிறான் என்றால் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறான்.

பரிசுப் பணம் சின்னப் பசங்களுக்கு வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரன். பெரியவர்கள் ஆடுகிற செவன்ஸ் போட்டிகளில் ரொக்கமோ ஆட்டுக்கிடாயோ வைப்பார்கள். கிடாய் வந்ததும் ஃபவுலும் வரும். பதினான்கு வயசுக்கு உட்பட்டவர்களுக்கு நாங்கள் கொடுப்பது பந்து. அதிலும் புள்ளிகள் சமமானால் உட்காரவைக்கப்பட்டவர்கள் குறைவாக உள்ள அணிக்கு முன்னிடம். இதற்கு எனக்கு உதவி செய்தது 2018 உலகக் கோப்பை. ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாவற்றிலும் சமம். ஜப்பானுக்கு நாலு மஞ்சள், செனகலுக்கு ஆறு. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது, செனகல் ஊருக்குப் போனது. பிள்ளைகள் இதை ஃபோனில் பார்த்திருந்ததால் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு பையன் மடக்கினான்: “சார், ஜப்பான் அந்த மேட்ச்ல தோத்துக்கிட்டே கடைசியில சும்மா பந்தத் தட்டிட்டு இருந்தானுங்களே, அது மட்டும் நல்ல ஆட்டமா?” போலந்தோடு 0-1 என்று தோற்றுக்கொண்டே ஜப்பான் நேரம் கடத்தியது உண்மைதான். இரண்டு குப்பத்துப் பிள்ளைகளும் இதை வைத்து இருட்டும் வரை சண்டை போட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதற்குப் பதில் நிச்சயமாகத் தெரியாது. விதியைக் கடைப்பிடிப்பதும் கண்ணியமாக ஆடுவதும் ஒன்றா என்பதை ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கேட்கிறான் என்பதிலேயே எனக்கு அந்த வாரத்துச் சம்பளம் கிடைத்துவிட்டது.

பெண்பிள்ளைகள் ஆட்டத்துக்கு இதில் பாதி பொருந்தாது. அங்கே கோட்டோரத்தில் கட்டளை வராது, கேலி வரும். விழுந்தால் சிரிப்பு, ஓடினால் சிரிப்பு. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், 2018-இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரைத் தோற்கடித்து தேசியப் பட்டம் வாங்கினார்கள் என்றெல்லாம் சொன்னால் சிரிக்கிறவன் ஒரு நிமிஷம் நிறுத்துவான், அவ்வளவுதான். சிரிப்பு நின்றது அம்மாக்கள் கயிற்றோரம் வந்து நின்றபோது. மீன் விற்கப் போய்ப் பழகியவர்களின் வாய்க்கு முன்னால் எந்த விடலையும் நிற்க மாட்டான். இந்த ஒரு இடத்தில் மட்டும் கோட்டோரத்து வசவை நான் தடுப்பதில்லை.

இப்போது புதுத் தொல்லை ஃபோன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். நான் தப்பாக ஊதினால் அது ராத்திரிக்குள் ஊர் வாட்ஸாப்பில் சுற்றும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை; ரெஃபரி என்றால் அது உண்டு. ஆனால் ஒரு கீப்பர் காலுக்கு நடுவே விட்ட கோலை நாலு தடவை திருப்பிக் காட்டி, வடிவேலு குரலைச் சேர்த்து ரீல்ஸ் போட்டுவிட்டார்கள். பையன் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கத்துகிற சத்தம் காற்றோடு போய்விடும், இது போகமாட்டேன் என்கிறது. படம் எடுக்கலாம், பிள்ளை சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசியிருக்கிறேன். நாங்கள் ஆடுகிற குப்பங்களில் ஒன்றைத் தவிர மற்றவை ஒத்துக்கொண்டன. அந்த ஒரு குப்பத்தில், ரீல்ஸ் போட்ட பையனே பெரியவர் ஒருவரின் பேரன். தடைக்காலம் தொடங்குவதற்குள் அவரைப் போய்ப் பார்க்கவேண்டும்.